ஏழாவது கேள்விக்கு மூன்று பதில்

டாக்டர் பத்து மணிக்குத்தான் நேரம் கொடுத்திருந்தார். மாமியார் எட்டு மணிக்கே கான்வாஸ் ஷூவை மாட்டி, லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டு, வாசலில் நின்றுவிட்டார்.

முப்பத்துமூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "சீக்கிரம்!" என்று அவர் வீட்டுக்குள் பார்த்துச் சொன்னால், எதிர்வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருப்பவர்கூட வேகமாகத் தேய்ப்பார்.

"நீங்க எதுக்கு அத்தை வீணா அலையணும்? நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துடறோம்" என்றாள் மருமகள். நேற்றிலிருந்து ஆறாவது முறை.

"நான் உங்களுக்காக வரலை. எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு."

என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இந்த வீட்டை வாராவாரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். இன்றுதான் உள்ளே வருகிறவர்கள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துப் பார்ப்பவள். ஐந்து மாதத்துக்கு முன்னால், அவள் வயிற்றில் பதினொரு வாரம் இருந்த கரு கலைந்துபோனது. அதற்கப்புறம் வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பேசினால் அவள் அழுவாள் என்று கணவன் பேசவில்லை. பேசினால் அவன் அழுவான் என்று அவள் பேசவில்லை. மாமியார் ஏன் பேசவில்லை என்பதுதான் புரியவில்லை. பக்கத்துத் தெருவில் குழாய் உடைந்தாலே அரை மணி நேரம் பேசுகிறவர்.

கரு போனபின் மாதவிலக்கு தன் இஷ்டத்துக்கு வர ஆரம்பித்தது. முதல் தடவை ஆறு வாரம் கழித்து. அடுத்தது இருபத்திரண்டாம் நாளே, கட்டி கட்டியாக. அதற்கடுத்து நாற்பது நாள் ஆளையே காணோம். வந்தபிறகு ஒன்பது நாள் நகரவில்லை. நடுநடுவே சொல்லாமல் கொள்ளாமல் சொட்டுச் சொட்டாக வேறு. தேதி பார்த்து வந்து போய்க்கொண்டிருந்த விருந்தாளி, வீட்டுச் சாவியையே வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி.

போன வாரம் கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் வெள்ளைக் கோட்டு. நடுவில் ரத்தம் வந்துவிட்டது அவளுக்குத் தெரிந்தது. ஸ்டூலை விட்டு எழுந்தால் மானம் போய்விடும். எழுந்தால்தான் லென்ஸ் பெட்டியை எடுக்க முடியும். என்ன செய்வாள்?

"அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க சார்."

படித்தார்.

"இன்னொரு தடவை."

படித்தார்.

நாலாவது தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டே படித்தார். "மனப்பாடமே ஆயிடுச்சும்மா. வேற வரி வேணும்னா சொல்லு, அதையும் வீட்டுக்குப் போய்ப் படிச்சுட்டு வந்துடறேன்" என்றார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கோட்டைக் கழற்றிப் பின்பக்கமாகச் சுற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே போய், லென்ஸ் அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதாள். அன்று சாயங்காலம் கணவனிடம், "டாக்டர்கிட்ட போகணும்" என்றாள். அதுதான் இன்றைய புறப்பாடு.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அரை நாள் லீவு போட்டிருந்தான். ஆனால் கம்பெனி வேனில்தான் போனார்கள், மேலே ஏணியோடு. முன்சீட்டில் மூன்று பேர். மாமியார் நடுவில் உட்கார்ந்து, மகன் கியர் போடும் ஒவ்வொரு தடவையும் முழங்காலை நகர்த்தி, "பாத்து, பாத்து" என்றார். வண்டியைப் பார்க்கச் சொன்னாரா, முழங்காலையா என்பது கடைசிவரை விளங்கவில்லை.

அந்த மருத்துவமனை இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று ஒரு அட்டை. படியேறிப் போனார்கள். வரவேற்பில் இருந்த பெண், கணவனின் சட்டைப்பையில் இருந்த லிஃப்ட் கம்பெனி முத்திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டாள்.

"அப்பாடா, வந்துட்டீங்களா! ரெண்டு நாளா போன் பண்றோம். லிஃப்ட் அந்தப் பக்கம்."

"நான் இவங்களோட கணவர்."

"சரிங்க. எவ்வளவு நேரம் ஆகும்?"

"எதுக்கு?"

"லிஃப்டுக்கு."

அவன் மனைவியைக் காட்டினான். வரவேற்புப் பெண் அரை மனதோடு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள்.

மூவரும் உட்கார்ந்தார்கள். கூடத்தில் பதினொரு பெண்கள், ஒரு மீன்தொட்டி. ஆண் என்று பார்த்தால் இவன் ஒருவன்தான். மீனாவது தண்ணீருக்குள் இருந்தது. இவன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்து, எடுத்து, மறுபடி மடியிலேயே வைத்தான்.

மருமகள் படிவத்தை நிரப்பினாள். பேர், வயசு, வேலை. ஒவ்வாத மருந்து உண்டா? இல்லை. ஏதாவது ஆபரேஷன்? இல்லை. ஏழாவது கேள்வி: இதுவரை எத்தனை முறை கர்ப்பம் தரித்திருக்கிறீர்கள்?

பேனா அங்கே நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் 'இல்லை' என்று எழுதிவிட்டு எட்டாவது கேள்விக்கு ஓடியது.

முப்பத்துமூன்று வருஷம் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நின்ற கண்கள் அதைப் பார்க்காமல் இருக்குமா? மாமியார் கையை நீட்டி மருமகளிடமிருந்து பேனாவை வாங்கினார். 'இல்லை' மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில், விடைத்தாளில் மார்க் போடுவதுபோல வட்டமிட்டு '1' என்று எழுதினார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீன்தொட்டியைப் பார்க்க ஆரம்பித்தார்.

மருமகள் அந்த '1'ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"அடுத்து!"

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மருமகளுக்குக் கை துறுதுறுத்தது. அந்தக் காதுக் கம்பியை ஒரு வளை வளைத்தால் சரியாகிவிடும்.

"கடைசியா எப்போ வந்துச்சு?"

"போன மாசம் இருபது... இல்ல, அது நடுவுல வந்தது. அதுக்கு முன்னாடி..."

கணவன் சட்டைப்பையிலிருந்து ஒரு மடித்த அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். லிஃப்டுக்குள் தொங்கவிடுகிற சர்வீஸ் அட்டை. தேதி, குறை, செய்த வேலை, கையெழுத்து என்று நான்கு கட்டம்.

டாக்டரம்மா வாய்விட்டே படித்தார்.

"எட்டாம் தேதி. குறை: கனமாக, கட்டியாக. செய்த வேலை: வெந்நீர்ப் பை கொடுத்தேன். ஒன்பதாம் தேதி. குறை: அதிகம், தலைசுற்றல். செய்த வேலை: பேசாமல் இருந்தேன். பத்தாம் தேதி. குறை: அதிகம். செய்த வேலை: பேசி மாட்டிக்கொண்டேன்."

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அவன் கையெழுத்து முழுசாக இருந்தது.

மருமகள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "இது எப்போலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே. உனக்கு நினைவு வெச்சுக்க வேண்டாமேன்னு..." என்று இழுத்தான்.

"இருபது வருஷமா பிராக்டிஸ் பண்றேன். இவ்வளவு தெளிவா எந்த ஹஸ்பண்டும் எழுதிட்டு வந்ததில்ல" என்றார் டாக்டரம்மா. "இந்தப் பத்தொன்பதாம் தேதி மட்டும் புரியல. குறை: லேசான கசிவு. செய்த வேலைங்கற இடத்துல ஒரு கோடு போட்டிருக்கே?"

கணவனின் காது இரண்டும் சிவந்துபோயின. மருமகள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அது கருப்பையின் படம். உடனே மேஜையைப் பார்த்தாள்.

"ஓ" என்றார் டாக்டரம்மா. "சேர்ந்து இருந்த பிறகு வந்ததா?"

"ம்."

"ஒரு தடவையா?"

"மூணு தடவை."

மாமியார் விருட்டென்று எழுந்தார். "நான் வெளிய போய் அந்த லிஃப்டை என்னன்னு பாக்கறேன்."

"நீ இரும்மா, லிஃப்டை நான் பாக்கறேன்" என்று மகனும் எழுந்தான்.

இரண்டு பேரும் ஒரே கதவை நோக்கிப் பாய்ந்து, தோளும் தோளும் இடித்து, ஒருவழியாக வெளியே விழுந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப நிம்மதியா பேசலாம். நீங்க என்னன்னு நினைச்சு பயந்துட்டிருக்கீங்க? அதை முதல்ல சொல்லுங்க."

யாராவது கேட்கமாட்டார்களா என்று ஐந்து மாதமாகக் காத்துக்கொண்டிருந்த கேள்வி. மருமகள் மடமடவென்று கொட்டினாள். போனில் தேடிப் படித்ததெல்லாம் புற்றுநோய் என்றே முடிகிறது. இனிமேல் குழந்தையே நிற்காதோ என்று தோன்றுகிறது. கடையில் எழுத்துப் பலகையை மாட்ட ஸ்டூல்மேல் ஏறினாள், அதற்கு மூன்றாம் நாள்தான் அது நடந்தது. அன்றிலிருந்து அந்த ஸ்டூலைக் கடையின் பின்மூலையில் தள்ளிவைத்திருக்கிறாள்.

"ஸ்டூலை விட்டுடுங்க, பாவம். அது ஒண்ணும் பண்ணலை" என்றார் டாக்டரம்மா. "அந்த வாரத்துல போற கரு பெரும்பாலும் ஆரம்பத்துலயே சரியா உருவாகாததுதான். நீங்க ஏறினதாலயும் இல்ல, இறங்கினதாலயும் இல்ல. இதை இதுவரைக்கும் யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்ல."

"இப்ப நான் சொல்றேன். அடுத்தது தேதி விஷயம். கரு கலைஞ்ச பிறகு உடம்பு பழைய கணக்குக்கு வரக் கொஞ்ச நாள் எடுத்துக்கும். முதல் ஒண்ணு ரெண்டு தடவை முன்னப்பின்ன வரும், கூடுதலா போகும். அதுல ஆச்சரியம் இல்ல. ஆனா இவ்வளவு மாசம் ஆகியும் நடுவுல வருது, சேர்ந்து இருந்தா வருதுன்னா, எல்லாத்தையும் அந்தக் கரு மேலயே போட்டுட்டு நான் கையைக் கட்டிட்டு உக்கார மாட்டேன். கருப்பை வாயைப் பாக்கணும். கடைசியா எப்போ பரிசோதனை பண்ணீங்க?"

"பண்ணதே இல்ல."

"வயசு முப்பத்தொண்ணு. தினம் ஊர்ல இருக்கறவங்க கண்ணையெல்லாம் பாக்கறீங்க."

மருமகள் திருடி மாட்டிக்கொண்டவள்போலச் சிரித்தாள்.

திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தாள். கூரையில் ஒரு விளக்கு, விளக்குக்குள் செத்த பூச்சி ஒன்று. நர்ஸ் இரும்புத் தட்டில் எதையோ வைத்தாள். 'ணங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் மருமகளின் தைரியமெல்லாம் ஒரே நொடியில் கரைந்துபோனது.

"யாரையாவது கூப்பிடணுமா?" என்றாள் நர்ஸ்.

கணவனைத்தான் கூப்பிடப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அத்தை!"

கதவுக்கு வெளியேதான் நின்றிருப்பார் போல. அடுத்த நொடி கான்வாஸ் ஷூ சத்தம் உள்ளே வந்தது. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரைக்கு அடியில் கையை விட்டார். மருமகள் அதைப் பிடித்துக்கொண்டாள். சொரசொரப்பான, உறுதியான கை.

"மூச்சை இழு. விடு. இழு. விடு" என்றார் மாமியார். வெளியே கூடத்தில் இரண்டு பெண்கள் தங்களையறியாமல் மூச்சை இழுத்து விட்டார்கள்.

"இதோ இருக்கே" என்றார் டாக்டரம்மா. "கருப்பை வாய்ல ஒரு சின்னச் சதை வளர்ச்சி. பட்டாணி அளவுதான். தொட்டாலே ரத்தம் கசியுது. நடுநடுவுல வந்தது பெரும்பாலும் இதனாலதான் இருக்கும். இப்பவே எடுத்துடறேன். லேசா சுருக்குன்னு இருக்கும்."

"எடுக்கறதுன்னா..." என்று மருமகள் கேட்டு முடிப்பதற்குள் எடுத்தாகிவிட்டது. 'ஸ்ஸ்' என்று கத்தியது மாமியார்தான்.

"இதை லேபுக்கு அனுப்பறோம். கூடவே பாப் ஸ்மியர்னு கருப்பை வாய்ச் சோதனை, வைரஸ் டெஸ்ட், ஒரு ரத்தப் பரிசோதனை. பத்து நாள் ஆகும். இந்த மாதிரி வளர்ச்சியில அநேகமா கெட்டது எதுவும் இருக்காது. ஆனா லேப் சொல்ற வரைக்கும் நான் உறுதியா சொல்ல மாட்டேன், நீங்களும் போன்ல தேடக் கூடாது. இன்னும் ரெண்டு நிமிஷம், அசையாம இருங்க."

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் அது நடந்தது.

"டாக்டர்" என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து மாமியார் ஆரம்பித்தார். "சும்மா ஒரு சந்தேகம். எனக்கில்ல. எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் இருந்தாங்க. அவங்களுக்கு எல்லாம் நின்னுபோய் ஒன்பது வருஷம் ஆச்சு. போன மாசம் திடீர்னு கொஞ்சம் ரத்தம் பட்டுச்சாம். இந்த மாசம் மறுபடியும். வயசானா இதெல்லாம் சகஜம்தானே?"

"சகஜம் இல்லம்மா. நின்னுபோய் ஒரு வருஷம் தாண்டிட்டா ஒரு சொட்டு பட்டாக்கூட உடனே வந்து காட்டணும். அந்த டீச்சருக்கு எத்தனை வயசு?"

"அறுபத்தொண்ணு."

"அவங்க என்ன பாடம் எடுத்தாங்க?"

நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது.

"...பி.டி."

"அத்தை!" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து மருமகள் கத்தினாள். "உங்க ஸ்கூல்ல ஒரே ஒரு பி.டி. டீச்சர்தானே இருந்தாங்க!"

"நீ அசையாம படு! டாக்டர் என்ன சொன்னாங்க?"

"அசையாதீங்கம்மா" என்றார் டாக்டரம்மா. சிரிப்பை அடக்கியதில் அவர் குரலே குலுங்கியது. "ரெண்டு பேரும்தான். இவங்க இறங்கினதும் நீங்க ஏறுங்க."

"நான் துணைக்கு வந்தவ."

"அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்குன்னு சொன்னீங்களே அத்தை" என்றாள் மருமகள். இப்போது கையை இறுக்கிப் பிடித்திருந்தது அவள்தான். "இதானே அந்த வேலை?"

இரண்டு மாதமாக அந்த வேலையை அவர் தினம் நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தது பின்னால்தான் தெரிந்தது. மருமகள் டாக்டரிடம் போகிறாள் என்றதும், போகிற போக்கில் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார்.

இதற்கிடையில் மகன் லிஃப்டைச் சரிசெய்துவிட்டான். அவன் கம்பெனி லிஃப்ட்கூட இல்லை அது. கதவுக்குக் கீழே தண்டவாளத்தில் யாரோ போட்ட ஒரு ஹேர்பின் சிக்கிக் கதவு மூடாமல் நின்றிருந்தது. ஹேர்பின்னைத் தூக்கிக் காட்டியபோது பதினொரு பெண்களும் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வரவேற்புப் பெண் அவனுக்கு டீ கொடுத்தாள். சாதித்த களைப்போடு ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தான். அம்மா வரவேற்பு மேஜைமுன் நின்று படிவத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏன், என்ன ஆச்சு?" என்று எழுந்தான். மனைவி அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "ஒண்ணும் இல்ல, அத்தையும் காட்டிக்கறாங்க. அப்புறம் சொல்றேன்."

வரவேற்புப் பெண் மெதுவாகத்தான் கேட்டாள். மாமியாருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவனுக்குக் கேட்கவேண்டும் என்றே பழகிய குரல்.

"வயசு?"

"அறுபத்தொண்ணு!"

"எடை?"

"எழுபத்தெட்டு! போட்டுக்கோங்க, குறைக்க வேண்டாம்!"

"ஆபரேஷன் ஏதாவது?"

"முழங்கால்! இடது!"

"எத்தனை தடவை கர்ப்பம்?"

கூடமே அடுத்த பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. மாமியார் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்.

"மூணு."

அவர் கத்தியிருந்தால் ஒருவேளை யார் காதிலும் விழுந்திருக்காது. மெதுவாகச் சொன்னதால் எல்லோருக்கும் கேட்டது.

மகன் டீயைக் கையில் வைத்தபடியே எழுந்து நின்றான். "மூணா? அம்மா, நான் ஒருத்தன்தானே?"

மாமியார் திரும்பவில்லை. "படிவத்துல கேக்கறாங்க, சொல்றேன். உக்காரு."

அவன் உட்கார்ந்தான். பக்கத்தில் மனைவி. ஐந்து மாதமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த நாற்காலிகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவன் கையில் லிஃப்ட் கிரீஸ். பரவாயில்லை என்று அவள் பிடித்துக்கொண்டாள்.

மாமியாரை உள்ளே கூப்பிட்டார்கள். இந்தத் தடவை திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தது மருமகள். திரைக்கு அடியில் கை போனது.

"மூச்சை இழுங்க அத்தை. விடுங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"பதிலுக்குப் பதில்."

பரிசோதனை முடிந்து, பக்கத்து அறையில் ஸ்கேனும் முடிந்தது. டாக்டரம்மா ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். முகத்தில் சிரிப்பு இல்லை. பயமுறுத்தலும் இல்லை.

"கருப்பை வாய் பாக்கறதுக்கு நல்லா இருக்கு. சாம்பிள் எடுத்தாச்சு. ஆனா கருப்பைக்கு உள்பக்கம் ஒரு படலம் இருக்கும், அது உங்க வயசுல நாலு மில்லிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது. உங்களுக்கு ஒன்பது இருக்கு."

"ஒன்பதுன்னா நல்ல மார்க்தானே?"

"இது பத்துக்கு இல்லம்மா."

மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பல காரணம் இருக்கலாம். சாதாரணமானதாவும் இருக்கலாம். மோசமானதா இருந்தாலும் இப்பவே தெரிஞ்சா வைத்தியம் சுலபம். வியாழக்கிழமை வாங்க, உள்ளேருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பாத்துடலாம். இன்னும் ரெண்டு மாசம் 'ஸ்கூல்ல ஒரு டீச்சர்'னு சொல்லிட்டிருந்தீங்கன்னா எனக்குக் கோவம் வந்திருக்கும்."

"வியாழக்கிழமை எனக்கு..." என்று மாமியார் ஆரம்பித்தார்.

"அத்தைக்கு ஒரு வேலையும் இல்ல டாக்டர்" என்றாள் மருமகள். "நான் கூட்டிட்டு வர்றேன்."

கீழே இறங்க லிஃப்டில் ஏறினார்கள். மூன்று பேரும் நிமிர்ந்து நின்று மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாதாரணமாக இந்த நேரத்தில் லிஃப்டின் மோட்டார் சத்தத்தை வைத்து அவன் ஒரு விளக்கம் கொடுத்திருப்பான். கொடுக்கவில்லை.

வேனில் இந்தத் தடவை மருமகளை நடுவில் உட்காரவைத்து, மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கியர் மாற்றியபோது "பாத்து" என்றுகூட யாரும் சொல்லவில்லை. அவனுக்கு அது என்னவோபோல் இருந்தது.

மருமகள்தான் ஆரம்பித்தாள். "அத்தை, உங்களுக்கு அதெல்லாம் எப்போ சரியாச்சு?"

"எது? தேதியா?"

"தேதியும்தான்."

மாமியார் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தார். ஒரு பேக்கரி போனது, ஒரு சைக்கிள் கடை போனது.

"தேதி ஆறு மாசத்துல சரியாச்சு. மீதியெல்லாம்... யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. அப்படியே ஸ்கூலுக்குப் போயிட்டேன். பிள்ளைங்களை ரெண்டு சுத்து அதிகமா ஓடவிட்டேன், பாவம். நீ அங்க 'இல்லை'ன்னு எழுதினே பாரு, நானும் அப்போ அப்படித்தான் எழுதினேன். இவன் வயித்துல இருந்தப்போ ஆஸ்பத்திரியில கேட்டாங்க. இதுதான் முதல் தடவைன்னுட்டேன்."

மகன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஓட்ட முடியவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"எனக்கு முன்னாடியா?"

"ஒண்ணு உனக்கு முன்னாடி. ஒண்ணு உனக்குப் பின்னாடி, அப்போ நீ ஒண்ணாங்கிளாஸ்."

"எனக்கு ஒண்ணுமே தெரியாதேம்மா."

"உனக்கு ஒண்ணாங்கிளாஸ்ல 'அ'கூடத் தெரியாது."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணிலிருந்தும் வந்தது. எதை முதலில் துடைப்பது என்று தெரியவில்லை. அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்த அட்டையில எல்லாத் தேதியும் எழுதினீங்களே, அந்தத் தேதி எழுதலையே?"

எந்தத் தேதி என்று அவன் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எழுதினேன். அதுக்கு மட்டும் தனி அட்டை. ஆபீஸ்ல என் பெட்டிக்குள்ள இருக்கு. செய்த வேலைங்கற இடத்துல என்ன எழுதறதுன்னு தெரியலை. அதான் கொண்டு வரலை."

அவள் அவன் தோளில் நெற்றியை வைத்தாள். ஜன்னலோரத்திலிருந்து ஒரு கை வந்து அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டியது. தட்டு கொஞ்சம் பலமாகத்தான் விழுந்தது.

"அப்பாவுக்கு எப்படி இருந்துச்சும்மா, அப்போ?" என்று மகன் கேட்டான். அவன் அப்பா போய் ஏழு வருஷம் ஆகிறது.

"முதல்ல போனதுக்கு ரொம்ப அழுதார்."

"ரெண்டாவதுக்கு?"

மாமியார் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். தானாக அவிழ்கிற முடிச்சே இல்லை அது, இரட்டை முடிச்சு.

"ரெண்டாவது அவருக்குத் தெரியாது."

வேனுக்குள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"தெரியாதா? எப்படித் தெரியாம..."

"ஏன் அத்தை சொல்லலை?"

"வண்டியை எடு. பின்னாடி எல்லாரும் திட்டறாங்க."

"அம்மா!"

"வியாழக்கிழமை சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்னம்மா?"

"இப்பவே சொல்லிட்டா, அன்னிக்கு அந்த டேபிள்ல படுத்துக்கிட்டு நான் என்னத்தைப் பேசறது?" என்றார் மாமியார். குரல் மைதானத்துக்குத் திரும்பியிருந்தது. ஆனால் கை மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டது. "அன்னிக்குத் திரைக்கு இந்தப் பக்கம் நீ உக்காந்திருக்கணும். நீ மட்டும். இவன் போய் லிஃப்டைப் பாக்கட்டும்."

"லிஃப்ட்தான் சரியாயிடுச்சே" என்றான் அவன்.

"வேற எதையாவது பிரிச்சுப் போடு. எடுடா வண்டியை."

அவன் வண்டியை எடுத்தான்.